வெளிச்சம் பூசுகிற வேலை

பிளாஸ்ரிக் தாளில் வெளிச்சம் பூசுகிற தொழிலில் தூசியையும் ஈரத்தையும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். சனத்தைச் சமாளிக்கத்தான் இன்னும் மெஷின் வரவில்லை. வீட்டுக்குள் தொழில் செய்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

ஜேர்மனியில் படித்த என் தம்பி எங்கள் கொழும்புத்துறை வீட்டுப் பின்னறையில் இதைத் தொடங்கினான். திரவத்தைத் தாளில் மயிரிழையிலும் மெல்லிதாக இழுத்துப் பூசி, காயவைத்து, அதன்மேல் இன்னொரு பூச்சு. கரண்ட் கொடுத்தால் தாள் முழுக்க வெளிச்சம், வளைத்தாலும் போகாது. கை நடுங்காது என்பதால் பூசுவது நான். மணவறை சோடிக்கும் முதலாளி ஒருவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. அவர் ஓடர் தராவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு ஜேர்மனிக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று தம்பி சொல்லிவிட்டான். எனக்கோ ஐம்பது வயதில் கிடைத்த முதல் வேலை.

மிளகாய்

திங்கட்கிழமை. கையுறை, முகமூடி எல்லாம் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறேன். மதிலுக்கு அந்தப்பக்கம் றெஜினாக்கா தூளுக்கு மிளகாய் வறுக்கத் தொடங்கினா. பூட்டிய யன்னலுக்குள்ளாலும் வந்தது. ஒரு தும்மல், பூச்சில் நீளமாக ஒரு கோடு. அன்றைக்கு மூன்று தாள் குப்பைக்கு. இந்தக் கிழமை மட்டும் வறுக்காதேங்கோ என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"வெளிச்சம் இல்லாட்டிலும் சோறு தின்னலாம் பிள்ளை. தூள் இல்லாமல் என்னெண்டு தின்னுறது?"

தீர்த்தம்

புதன்கிழமை நாலு தாள் நன்றாக வந்தது. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் மேலுறை ஒட்டுவதுதான் பாக்கி. அதற்குமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அந்த இடம் செத்துப்போகும். தம்பி பசை எடுக்கப் போக, நான் கை கழுவப் போனேன். அந்த நேரம் பார்த்து மச்சாள், என் கணவரின் தங்கைதான், கோயில் தீர்த்தப் போத்தலோடு உள்ளே வந்து காயவைக்கிற மெஷினில் தொடங்கி மேசை முழுக்கத் தெளித்துவிட்டா. வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்தாலும் ஃபிரிட்ஜ் வந்தாலும் அவவுக்கு அது செய்தாக வேண்டும். மூன்று தாள் போச்சு. கன்னியர் மடத்தில் படித்த அடக்கமெல்லாம் மறந்து கத்தினேன். அவ போத்தலை மூடிக்கொண்டே சொன்னா.

"தீர்த்தத்திலை கெட்டுப்போற சாமான் நல்ல சாமானோ எண்டு முதல் யோசியுங்கோ மச்சாள்."

வெள்ளிக்கிழமை

மிஞ்சிய ஒற்றைத் தாளைத் தம்பி தன் கையைச் சுற்றி வளைத்துக் காட்டினான். மஞ்சள் வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. முதலாளி தலையாட்டினார். நான் தேத்தண்ணியோடு வருவதற்குள் மனுசன் அதை இரண்டாக மடித்து, முகம் துடைக்கிற லேஞ்சி மாதிரி சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். வளையும் என்றால் மடிக்கவும் ஏலும் என்று நினைத்தாராம். விரித்துக் கரண்ட் கொடுத்தோம். மடிப்புக்கு இந்தப்பக்கம் வெளிச்சம், அந்தப்பக்கம் இருட்டு. தம்பி கையுறையைக் கழற்றினான். முதலாளி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நானே மடிச்சுப்போட்டன், என்ரை பெடியள் என்ன செய்வாங்கள் தெரியாது. இருபது தாங்கோ தம்பி, மடிக்கக் கூடாதெண்டு பெரிசா எழுதித் தாங்கோ."

ஆக, தம்பியை மறித்து வைத்தது எங்கள் விஞ்ஞானமல்ல, ஒரு ஆம்பிளை தன் பிழையைத் தானே ஒத்துக்கொண்ட அதிசயம்.