ஒருசந்தி டப்பா

இனிமேல் யாராவது என் முன்னால் நின்று 'டயட்' என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என் அக்கா ராசாத்தியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பற்றிப் பேச இப்போது என்னால் ஆகாது.

அவள் மல்லசமுத்திரத்தில் பிறந்து பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்டவள். லாரி ஓட்டப் போன மாமா ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. அதன் பிறகு ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனாள். சத்தமாகச் சிரிப்பாள், அதைவிடச் சத்தமாகச் சண்டை போடுவாள், இரண்டு ஆள் சோற்றை ஒரே ஆளாகச் சாப்பிடுவாள். உடம்பும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் டாக்டரிடம், "எங்கிட்ட ரெண்டு இருக்குதுங்களே, ஒண்ணை எடுத்து இவனுக்கு வைங்க" என்றாள், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் புளி கொடுப்பவள் மாதிரி. பரிசோதனை எல்லாமே பொருந்தியது. எடை ஒன்றுதான் இடித்தது. "பத்து கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம்" என்றார் டாக்டர். அதுவரைக்கும் எனக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ்.

அந்த நேரத்தில்தான் ஜெகதீஸ்வரன் வந்து சேர்ந்தான். நாமக்கல்லில் கடை. பெரிய ஐஸ் பெட்டி நிறைய உறைய வைத்த டயட் சாப்பாட்டு டப்பா. வாசலில் தன் பேருக்குப் பக்கத்தில் 'எடை குறைப்புக் கோச்' என்று போட்டிருந்தான். பண்ணையில் யாரோ சொல்ல, அக்கா அவனிடம் போனாள். "ஒரு வேளைக்கு ஒரு டப்பா போதுமுங்க்கா, கூட வேற எதுவும் வேண்டாம்" என்றிருக்கிறான்.

எங்கள் பக்கம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டால் ஒருசந்தி இருப்போம். நாள் முழுக்க ஒரே ஒரு வேளைதான் சாப்பாடு. கவிச்சி ஆகாது, முட்டையும் ஆகாது. ஒரு வேளை என்றதும் அக்காவுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. "ஒருசந்தி மாதிரிங்களா சாமி?" என்று கேட்டாளாம். "அதேதானுங்க்கா, அப்படியே வெச்சுக்கங்க" என்று சிரித்தானாம் அந்தப் புண்ணியவான்.

அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள். மத்தியானம் ஒரு டப்பாவை இட்லிக் குண்டாவில் ஆவி காட்டி எடுத்துத் தின்பாள். காலையில் வெறும் தண்ணீர், ராத்திரியும் வெறும் தண்ணீர். இரண்டு மாதத்துக்கு மேல் இதே கதை. பகலெல்லாம் முட்டையை அள்ளி அள்ளி அட்டையில் அடுக்கியவள் ஒரு முட்டையை வாயில் வைக்கவில்லை. போனில் கேட்டால், "நல்லாத் தின்னுபோட்டுத்தான் இருக்கறேன் சாமி, நீ உன்ற உடம்பைப் பாரு" என்பாள். வாராவாரம் எடை பார்த்த ஜெகதீஸ்வரன், அவளைப் போட்டோ எடுத்துக் கடைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறான். அப்போது எப்படி, இப்போது எப்படி என்று!

ஒரு நாள் பண்ணையிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கியிருந்தது.

டாக்டர் அந்த டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். கலோரி இருநூற்று நாற்பது. புரதம் ஒன்பதே கிராம். உப்பு மட்டும் தாராளம். "மூணு வேளையில ஒரு வேளைக்கு இதை வெச்சுக்கிட்டு, மத்த ரெண்டு வேளையும் பருப்பு, கீரை, முட்டைன்னு சாப்பிட்டிருந்தாப் பரவாயில்லை. இதை மட்டும் தின்னு கொழுப்போட சேர்த்துச் சதையையும் கரைச்சு வெச்சிருக்காங்க. இந்த உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார். மறுபடி உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தேறும் வரைக்கும் நான் தாங்க வேண்டுமே! அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேராக ஜெகதீஸ்வரன் கடைக்குப் போனேன். டயாலிசிஸ் செய்த கை வலித்துக்கொண்டிருந்தது. வலிக்கட்டும்.

"அவங்கதானுங்ணா ஒருசந்தின்னு சொன்னாங்க" என்றான். "டப்பாவுல எல்லாமே எழுதியிருக்குதுங்களே?"

எறும்பு சைஸில், இங்கிலீஷில்!

"நீ எந்த ஊருடா?"

"எலச்சிபாளையமுங்ணா."

"உங்க ஊட்டுல ஒருசந்தி இருப்பாங்களா?"

"அம்மா இருப்பாங்க..."

"அப்ப அது என்னன்னு தெரிஞ்சுதானடா தலையாட்டுனே?"

ஐஸ் பெட்டியின் மூடியை இழுத்துச் சாத்தினான். அப்புறம் மெதுவாக, "எடை நல்லா இறங்குச்சுங்ணா, அதான் உட்டுட்டேன்" என்றான். ஓங்கிய கையை எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியாது. சுவரில் சிரித்துக்கொண்டிருந்த என் அக்காவைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். முட்டை வேக வைத்து, உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றதும் குமட்டிக்கொண்டு ஓடினாள். அத்தனையும் வாந்தி. "பசியே செத்துப்போச்சு சாமி" என்று வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

எனக்கு வெறி வந்துவிட்டது. "போதும் உடு! உன்ற கிட்னியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! நான் எப்படியோ போறேன், நீ உசுரோட இரு!" என்று கத்தினேன்.

"வேண்டாம்னு சொல்ல நீ ஆருடா?" என்று திரும்பினாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்தப் பழைய சத்தம். "அது உன்றதா? என்றது! குடுக்கறதும் குடுக்காததும் என்ற இஷ்டம். நீ போயிட்டா நான் ஆருகிட்டடா சண்டை போடுவேன்?"

அவள் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கண்ணைத் துடைக்காமலே தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு உரி" என்றாள்.