சோற்றுக்குள் கிடந்த இறகு

மூன்று கிழமைக்கு முன்னால் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து போன் வந்தது. என் பழைய அறைத்தோழனின் மனைவி பேசினார். "அண்ணை, இவருக்குக் கண் ஒப்பரேசன். மகன் வன்கூவரிலை நிக்கிறான். நான் ஹைவேயிலை கார் ஓடமாட்டன். உங்களைக் கேக்கச் சொன்னவர்."

"ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். முப்பது வருசத்துக்கு மேலாக அவனும் நானும் கலியாண வீடுகளில் தலையாட்டுவதோடு சரி.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அபார்ட்மென்ரில் அவனும் நானுமாக ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் ஒரே பக்டரியில் வேலை. குளிருக்கு உருப்படியாக இருந்தது தையல் விட்ட ஒரேயொரு பழைய ஜக்கெற். அதை முறை வைத்துப் போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீவியில், வெள்ளைக்காரன் உலகத்தை ஆண்ட காலத்துப் பாலைவனச் சண்டைப் படமொன்று போனது. படை புறப்படும் நேரத்தில் ஒரு இளம் அதிகாரி பதவியை விட்டு விலகுகிறான். கூட்டாளிகள் அவனுக்கு வெள்ளை இறகு அனுப்புகிறார்கள். கோழை என்று அர்த்தம். அவன் வேஷம் மாறிப் போய், அவர்களையே காப்பாற்றி, இறகுகளைத் திருப்பிக் கொடுக்கிறான். எங்களை ஆண்டவனுடைய மானம் போனதற்கு ஆறு அகதிகள் இருந்து மூக்கைச் சிந்தினோம். இப்போது நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

அடுத்த நாள் எங்கள் சண்டை. எங்களில் ஒருவனைப் போர்மன் வேலையால் நிற்பாட்டிவிட்டான். அவனைத் திரும்ப எடுக்கும்வரை மெஷினைத் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். எனக்கு அந்தக் கிழமை அகதி விசாரணை. வேலையில்லாமல் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினேன். மணியடித்ததும் நான் மட்டும் மெஷினுக்குப் போனேன். மற்ற நாலு பேருக்கும் அன்றே வேலை போனது. நான் செய்தது கோழைத்தனம்தான், அதைப் பூசி மெழுக மாட்டேன்.

மறுநாள், இந்தக் கண் ஒப்பரேசன்காரனுடைய சமையல் முறை. முறைக்காரன்தான் எல்லோருக்கும் சாப்பாடு கட்டவேண்டும். மத்தியானம் பக்டரியில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். சோற்றின் மேல் ஒரு வெள்ளை இறகு. இறகை எடுத்துக்கொண்டு, சோற்றை அப்படியே குப்பையில் கொட்டினேன். அந்தக் கிழமையே வீடு மாறினேன். விசாரணையில் வென்று, வதிவிடப் பேப்பர் கிடைத்து, ரூஜ் பக்கம் வீடு வாங்கிய பிறகும் அந்த இறகு என் பாஸ்போர்ட் உறைக்குள் கிடந்தது. படத்தில் வருகிறவனைப் போல ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒட்டகம்தான் கிடைக்கவில்லை.

ஒப்பரேசன் முடிந்து, ஒரு கண்ணில் மூடியோடு அவன் காரில் ஏறினான். நான் ஸ்டார்ட் பண்ணாமல் உறையை நீட்டினேன்.

"உது என்ன மச்சான்?"

சொன்னேன். அவன் இறகை மற்றக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். பிறகு கண்மூடியைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான்.

"அட விசரா! இது அந்தத் தையல் விட்ட ஜக்கெற்றுக்குள்ளை அடைச்சிருந்த இறகு. குசினிக் குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டெல்லோ சமைச்சனான். தேத்தண்ணிக்குள்ளையும் கிடந்ததே, மறந்திட்டியோ?"

மறந்துதான் போனேன். படம் பார்த்த கண்ணுக்கு ஜக்கெற் தெரியவில்லை.

"நீ பேப்பர் கிடைச்சவுடனை எங்களை மறந்திட்டாய் எண்டு நாங்கள் நினைச்சம்" என்றான். "உனக்கு விசாரணை எண்டு எல்லாருக்கும் தெரியும். உன்னையும் எங்களோடை நில் எண்டு கேட்டதே பிழை. நீ தனியப் போறாய் எண்டு சோத்துக்குக் கீழை முட்டை பொரிச்சு வைச்சனான். கோழைக்கு ஆரடா முட்டை பொரிப்பான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் வந்த அழுகை இல்லை. முப்பது வருசமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிப்போன ஆறுதல். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவன் என் முதுகைத் தட்டினான்.

"முட்டை நல்லா இருந்ததோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பாக்கேல்லை மச்சான். சோத்தோடை கொட்டிப்போட்டன்."

அவன் சிரிப்பு நின்றது. மூடாத கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு இறகைத் திரும்ப என் சட்டைப் பொக்கற்றில் செருகினான்.

"அப்ப இதை நீயே வைச்சிரு."