காய்ச்சல் என்று எழுது

ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவர்கள் வாரத்துக்கு ஐம்பத்திரண்டு நோட்டுத் திருத்துவதாக வெளியே சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஒரே நோட்டைத்தான் ஐம்பத்திரண்டு தடவை திருத்துகிறோம். முதல் பெஞ்சில் ஒருத்தி விட்ட எழுத்து கடைசி பெஞ்சு வரைக்கும் விடுபட்டே வரும். சிவப்பு மை விரலோடு சோறு பிசைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த மை ஒட்டியது எண்பதுகளின் நடுவில், ஓசூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் நானும் மாறுதல் வாங்கிக்கொண்டு வந்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, மிச்சத்தில் பாதிக்குக் கன்னடம். நான் ‘சத்தங்காட்டாம இருங்க’ என்று அதட்டினால், இதுதான் இங்கிலீஷோ என்று என் வாயையே பார்ப்பார்கள்.

பென்சில் எழுத்து

சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னேன். மஞ்சுளா என்று ஒருத்தி, மூன்றாவது பெஞ்சு, எண்ணெய் வழிய இரட்டைச் சடை. எழுந்து நின்று தடங்கலே இல்லாமல் வாசித்தாள். எனக்கு ஒரே பெருமை. ‘ஐலண்ட்’ வரவேண்டிய இடத்தில் ‘இஸ்லாண்டு’ என்றாள். சரி, ஒரு பிழைதானே என்று விட்டேன். அடுத்து எழுந்தவனும் ‘இஸ்லாண்டு’. அதற்கடுத்தவளும் அதே.

மஞ்சுளாவின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. பாதி விலைக்கு வாங்கிய பழைய புத்தகம். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் தலைமேலும் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்து ஊரே எழுதிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் அந்த வகுப்பில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தது அந்தப் பென்சில்தான். கோபத்தில் ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தேன். மஞ்சுளா பதறிப் போய்ச் சொன்னாள்:

“எல்லாத்தையும் அழிச்சிட்டீங்கன்னா அடுத்த வருசம் என் தங்கச்சி எப்பிடி டீச்சர் இங்கிலீஸ் படிப்பா?”

வழியில் பார்த்த ஒரு வரி

பாடப் புத்தகத்தை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, ‘பள்ளிக்கு வரும் வழியில் எங்காவது ஒரு ஆங்கில வரியைப் பார்த்து எழுதி வாருங்கள்’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். புதுமை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. மறுநாள் லாரிக்குப் பின்னால் எழுதியிருந்ததை இருபது பேர் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் கர்நாடக பஸ்ஸின் கன்னடப் பெயர்ப் பலகையை அச்சுப் பிசகாமல் வரைந்து வந்திருந்தான். இது இங்கிலீஷ் இல்லையடா என்றால், ‘தமிழும் இல்லையே டீச்சர்’ என்று வாதாடினான்.

மஞ்சுளா உட்பட ஒன்பது பேர் கொண்டுவந்த வரி ‘நோ வேகன்சி’. எல்லாக் கம்பெனி கேட்டிலும் தொங்குகிறதே, அதுதான். வேலை காலி இல்லை என்று அர்த்தம் சொன்னேன். மஞ்சுளாவின் அப்பா வெங்கடப்பா அதுவரை கம்புக் கொல்லையில் கூலி வேலை செய்தவர். நாலு மாதமாக விடிந்ததும் போய் அந்த கேட்டில் நிற்கிறாராம், உள்ளே யாராவது கூப்பிடுவார்களா என்று. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“எங்க நாயனா அந்தக் கம்பெனியோட பேரே அதுதான்னு நெனச்சிட்டிருக்காரு டீச்சர்.”

லீவ் லெட்டர்

நின்றதற்குப் பலன் இருந்தது. பலகை தொங்கியபடியே இருக்க, வெங்கடப்பாவைக் காண்டிராக்டில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் நான் கடிதப் பாடம் ஆரம்பித்தேன். நீங்களும் நானும் கரும்பலகையில் எழுதி எழுதி விரல் தேய்ந்த அதே கடிதம்தான்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ மனப்பாடம் செய்தால் பரீட்சையில் மார்க் நிச்சயம். அதற்குப் பிறகு என் வகுப்பில் திருவிழாவுக்குப் போனவனுக்கும் காய்ச்சல், அத்தை கல்யாணத்துக்குப் போனவளுக்கும் காய்ச்சல். எல்லாம் எனக்குத் தெரியும். நோட்டு மலை போல் குவிந்து கிடக்கும்போது காய்ச்சலே சௌகரியம்.

ஒருநாள் ராஜப்பா என்ற பையன் வந்து, ‘எங்க எருமையக் காணோம் டீச்சர், தேடப் போவணும், இத எப்பிடி இங்கிலீஸ்ல எழுதறது?’ என்று கேட்டான். நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘காய்ச்சல் என்று எழுது’ என்றேன். அவன் நகரவில்லை. மேசையோரம் நின்றபடியே கேட்டான்:

“காய்ச்சல் எருமைக்கா டீச்சர், எனக்கா?”

பத்துக்கு ஒன்பது

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வெங்கடப்பா பள்ளிக்கு வந்தார். காக்கிச் சட்டை, கையில் நாலாக மடித்த ஒரு தாள். பக்கத்தில் அழுது முகம் வீங்கிய மஞ்சுளா. நடந்தது இதுதான். அவர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மாதம்தான் காண்டிராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். வெங்கடப்பா பெயரும் அதில் இருந்தது. சொல்லாமல் நின்றதற்குக் கடிதம் கொடு, அதிகாரி வடக்கத்திக்காரர், இங்கிலீஷில் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். மஞ்சுளா தனக்குத் தெரிந்த ஒரே கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

தாளைப் பிரித்தேன். அப்படியே என் கரும்பலகை. கமா கூட இடம் மாறவில்லை. தலைமையாசிரியருக்கு மரியாதை சொல்லி, காய்ச்சலால் வகுப்புக்கு வர இயலவில்லை என்று தெரிவித்து, ‘யுவர் ஒபீடியண்ட் ஸ்டூடண்ட்’ என்று முடித்து, அதற்குக் கீழே வெங்கடப்பாவின் கட்டை விரல் ரேகை. வகுப்பில் எழுதியிருந்தால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன். ஆபீசில் அதைக் கைக்குக் கை கொடுத்து வாசித்திருக்கிறார்கள். பிறகு, காய்ச்சல் என்றால் டாக்டர் சர்டிபிகேட் எங்கே, பொய் சொல்கிறாயா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுத்தவள் நான். வெங்கடப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவர் நின்றபடியே கேட்டார்:

“எல்லாரும் சிரிச்சாங்க டீச்சரம்மா. எது தப்புன்னு ஒருத்தரும் சொல்லல. நீங்க சொல்லுங்க.”

ஆறு வரி

நானே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். வெங்கடப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ‘பாப்பாவே எழுதட்டும் டீச்சரம்மா. அவ எழுதினதப் பாத்துத்தானே சிரிச்சாங்க’ என்றார். அந்தப் பிடிவாதம் அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நல்ல கடிதத்தால் அவர் வேலை நிலைக்கலாம். இவளோ ஏழாம் வகுப்பு. இருந்தாலும் மத்தியான பீரியடை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு வரியாக ஆங்கிலச் சொல் எடுத்துக் கொடுத்தேன். என் மனைவிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்ல ஆள் இல்லை. முதல் கடிதம் என் மகள் பாடத்தைப் பார்த்து எழுதியது. அதை மன்னிக்கவும். வேலை வேண்டும். ஆறே வரி.

மூன்று தடவை எழுதினாள். முதல் தாளில் ஏழு பிழை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ரேகை வைக்கும் இடத்தை அப்பாவுக்குக் காட்டப் போனவள், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்:

“லெட்டர்ல நெசத்த எழுதலாமா டீச்சர்? ஒண்ணும் ஆவாதா?”

பதில்

நான்கு நாள் கழித்து, பள்ளி விடுகிற நேரத்தில் வெங்கடப்பா மறுபடி வந்தார். காக்கிச் சட்டை இல்லை. அதிகாரி கடிதத்தை முழுக்க வாசித்தாராம். பக்கத்திலிருந்தவரிடமும் காட்டினாராம். யாரும் சிரிக்கவில்லையாம். ஆனால் வெங்கடப்பாவின் இடத்தில் வேறு ஆளைப் போட்டுப் பட்டியல் மேலே போய்விட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளையிலிருந்து பேரிகைப் பக்கம் ஒரு கல் குவாரியில் வேலைக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்காக அவர் வரவில்லை. மஞ்சுளா இரண்டு நாளாகப் பள்ளிக்கும் வராமல், சாப்பிடாமல், நோட்டில் பிரதி எடுத்து வைத்திருந்த அந்த ஆறு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், எங்கே பிழை விட்டோம் என்று. அவர் சொன்னார்:

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா டீச்சரம்மா. எனக்கென்ன படிக்கத் தெரியுமா? நீங்க வந்து சொல்லுங்க, அதுல தப்பே இல்லன்னு.”

போய்ச் சொன்னேன். இத்தனை வருடச் சர்வீஸில் என் மாணவர்களின் பொய்க் காய்ச்சலுக்கெல்லாம் தவறாமல் லீவு கிடைத்தது, பிழையே இல்லாமல் உண்மையை எழுதிய அந்த ஒரு கடிதத்துக்குத்தான் என்னால் மார்க் மட்டும் போட முடிந்தது.