பின்னால் ஓர் அடி

நான் விழுந்தபோது வாத்தியக்காரர்கள் நிறுத்தவில்லை. அதற்காக அவர்களை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பியானோவும் வயலினும் தம் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன. நான் மட்டும் கூடத்தின் நடுவில், இரவல் கவுனில், கால் மடங்கி உட்கார்ந்திருந்தேன். என்னோடு ஆடிய ரயில்வே கார்டு, தான் தள்ளிவிடவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுபோல இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். சுவரோர நாற்காலியில் இருந்த ஒருத்தி, "குடித்திருக்கிறாள்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பாள்.

எனக்கு அவளைவிட நல்ல ஆங்கிலம் வரும். அவளைவிட நன்றாக டாங்கோவும் வந்துகொண்டிருந்தது, ஒரு காலத்தில்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூன். அப்பா ராயபுரத்திலிருந்து போனவர், அங்கே ஒரு மரக் கம்பெனியில் கணக்கர். எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் சனிக்கிழமைதோறும் கிராமபோன் வைத்து ஆடுவோம். பதினாறு வயதில் டாங்கோ பழகினேன். பதினெட்டில் என்னோடு ஆடப் பையன்கள் முறை போட்டுக்கொண்டு நின்றார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு எல்லோரையும்போல நாங்களும் மலை தாண்டி இந்தியாவுக்கு நடந்தோம். அப்பா, அம்மா, நான். வந்து சேர்ந்தது அப்பாவும் நானும். ராயபுரத்தில் உறவினர்கள் எல்லாம், "சொந்த ஊருக்கு வந்துட்டே, இனிமே இன்னா கவலை" என்றார்கள். அது அப்பாவின் ஊர். எனக்கு அது வெளிநாடு. அந்தத் தமிழ் பாதி புரியவில்லை. துறைமுகத்திலிருந்து பறந்து வரும் கரித்தூள் சோற்றில் விழுவதும் பழகவில்லை. தெருவில் என்னை ரங்கூன்காரி என்றார்கள். ஐந்து வருஷம் ஆகியும் அப்படித்தான்.

கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பக்கத்து மேஜைக்காரி ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். ரயில்வேக்காரர்களின் கூடத்தில் ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தேநீரும் நடனமும் உண்டு என்றும், விருந்தாளியாக அழைத்துப் போவதாகவும் அவள்தான் சொன்னாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக நானும் எதற்கோ ஆசைப்பட்டேன். அவளுடைய கவுனை இடுப்பில் ஊசி குத்திப் பிடித்துக்கொண்டு போனேன்.

வால்ஸ் ஆடினேன், அது சுற்றிச் சுற்றிப் போவது, ஒன்றும் ஆகவில்லை. கூடத்துக்காரர்கள் என் நிறத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் டாங்கோ. டாங்கோவில் ஆண் முன்னால் வருவான், பெண் பின்னால் போக வேண்டும். கண்ணில்லாத பக்கம் காலை நீட்டி, நீட்டிய கால்மேல் முழு உடம்பையும் கொண்டுபோய் வைக்க வேண்டும். மெல்ல, மெல்ல, சட்சட், மெல்ல. முதல் "மெல்ல"வுக்கே என் வலது கால் போகவில்லை. கார்டு வந்துகொண்டிருந்தார், நான் போகவில்லை, விழுந்தேன்.

ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அதை இங்கே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

மலைப்பாதை ஓராள் அகலம். அப்பா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், அவர் எப்போதும் வேகம். நடுவில் தலையில் மூட்டையோடு நான். எனக்குப் பின்னால் அம்மா. மூன்று நாளாக அவளுக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் அவளுடைய காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மூட்டையோடு திரும்ப முடியாது. அதனால் திரும்பாமலே பின்னால் ஓர் அடி வைத்தேன். இன்னோர் அடி வைத்தேன். குதிகால், கீழே கிடந்த அம்மாவின் கைவிரல்களின் மேல் இறங்கியது. முழு பாரத்தையும் வைத்து மிதித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் போய்விட்டாள் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவளை ஓரமாகக் கிடத்தி, அவளுடைய இன்னொரு புடவையைப் போர்த்திவிட்டு நடந்தோம். பின்னால் வந்தவர்கள் வழி விடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மிதித்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி எங்கள் அறையில் பேச்சே கிடையாது.

விழுந்த பிறகு ஒரு மாதம் அந்தக் கூடத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அப்புறம் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. வீடு போயிற்று, ஊர் போயிற்று, அம்மா போனாள். இந்த ஆட்டம் ஒன்றுதான் என் உடம்போடு வந்திருந்தது, இதையும் விட்டுவிடுவதா? மறுபடி போனேன். வால்ஸ் ஆடுவேன், டாங்கோ வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். மூன்று ஞாயிறுகள் அந்த வாரைச் சரிசெய்தேன்.

நான்காம் ஞாயிறு, பக்கத்து நாற்காலியில் முழங்கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் புருஷனை விலாவில் இடித்தாள்.

"யோவ், என் காலுதான் இப்படி கீது. இந்தப் பொண்ண இட்டுகினு போய் ஆடேன். வாரையே நோண்டிகினு கீது பாவம்."

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், தொப்பை, முன்பல் ஒன்று இல்லை. அப்பா வழியில் ஆங்கிலோ இந்தியர் என்பதால் கூடத்துக்குள் வர முடிந்தது. பேச்சு முழுக்க அம்மா வழி, காசிமேட்டு மீனவர் பேச்சு. துறைமுகத்தில் வேலை. இது காதல் கதையாகப் போகும் என்று யாராவது எதிர்பார்த்தால் இப்போதே கைவிடலாம்.

அவரோடு எழுந்தேன். ஒவ்வோர் அடிக்கும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டுக் காலை வைத்தேன். அப்படி யாராலும் டாங்கோ ஆட முடியாது. இரண்டு பேரும் மாட்டு வண்டிபோல முட்டி மோதிக்கொண்டு அரைச் சுற்று வந்தோம்.

"இன்னா மிஸ்ஸு, பின்னாடியே பாத்துகினு கீற? போலீஸு கீலீஸு தொரத்துதா?"

எனக்குக் கோபம் வந்தது. பாதி ஆட்டத்தில் கையை உதறிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். அவர் இரண்டு கோப்பை டீயோடு பின்னாலேயே வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை. டீயை ஊதிக்கொண்டு நின்றார். அப்பாவிடம் ஐந்து வருஷம் சொல்லாததை, பெயர்கூட சரியாகத் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னேன். விரல்கள் வரைக்கும் சொன்னேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. "நான் துறைமுகத்துல இன்னா வேலை செய்றேன் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"சிக்னல் காட்றவன். கப்பல் மேல விஞ்சு மிஷினு ஓட்றான் பாரு, மூட்டைய தூக்கி எறக்கறவன், அவனுக்கு அடில இன்னா கீதுன்னு கண்ணுக்கு தெரியாது. கப்பல் வயித்துக்குள்ள ஆளுங்கோ நின்னுகினு கீறாங்கோ. நான் ஓரமா நின்னு ரெண்டு பக்கமும் பாத்துகினு கை காட்டுவேன். என் கைய பாத்துதான் அவன் எறக்கணும். அவனே எட்டி எட்டிப் பாத்தான்னா வேலை கெட்டுரும்."

"நீங்கள் தப்பாகக் காட்டினதே இல்லையா?"

டீக் கோப்பையைச் சுவர்மேல் வைத்தார். "ஒரு தபா கண்ண எடுத்தேன். யாரோ கூப்ட்டாங்கோன்னு திரும்பினேன். கீழ ஒரு ஆளு பூட்டான். ரெண்டு கொழந்தைங்கோ அவனுக்கு." வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு அப்பால எடுக்கறதில்ல. வா மிஸ்ஸு. பின்னாடி பாக்கற வேலை என்னுது. என் கை சொன்னா போ, சொல்லலன்னா நில்லு."

உடனே சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அன்றும் இரண்டு தடவை கழுத்து திரும்பியது. அடுத்த ஞாயிறும் திரும்பியது. ஆபீசிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரை நோக்கிப் பின்னால் நடந்து பழகினேன். சுவர்தான் அங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும் உள்ளங்கால் வேர்த்தது.

மூன்றாவது ஞாயிறு டாங்கோ ஆரம்பித்தபோது அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் அப்படித்தான் நிற்பார் என்று பட்டது. முதுகில் இருந்த அவர் உள்ளங்கை லேசாக நகர்ந்தது. வலது காலைப் பின்னால் நீட்டினேன். குதிகால் இறங்கும் அந்த ஒரு நொடி, வழக்கம்போல, அங்கே விரல்கள் இருந்தன. இறங்கினேன். மரத் தரை. இன்னோர் அடி, அதுவும் மரத் தரை. மெல்ல, மெல்ல, சட்சட், மெல்ல.

இரண்டாவது சுற்றில், நான் காலைத் தூக்கியிருக்கும்போது, உள்ளங்கை இறுகி என்னை நிறுத்தியது. ஒற்றைக் காலில் நின்றேன்.

"என்ன?"

"பின்னாடி ஒரு ஜோடி திரும்பறாங்கோ. போவட்டும்."

நான் பார்க்கவில்லை. நின்றேன். அப்புறம் கை சொன்னது, போனேன். பாட்டு முடியும்வரை ஆடினேன். குடித்திருக்கிறாள் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகும்போது வேண்டுமென்றே ஒரு திருப்பம் கூடுதலாகப் போட்டேன். அவ்வளவு அல்பம்தான் நான். முடிந்ததும் வராந்தாவில் போய் அழுதேன். அழுததற்குக் காரணம் சந்தோஷம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்றைக்கு மலையில் எனக்குப் பின்னால் பார்க்க யாரும் இல்லையே என்று அழுதேன்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வாசல்படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் விழுந்தியா?" என்றார். முன்பு நான் விழுந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"இல்லப்பா. விழல." ஏன் விழுந்தேன் என்பதையும் அப்போது சொன்னேன். அம்மாவின் விரல்களை மிதித்ததைச் சொன்னேன்.

அவர் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்குக் காலையில நீ ஓடையில தண்ணி மொள்ளப் போயிருந்தே. இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போவோமே, என்னால முடியலன்னு உங்கம்மா சொன்னா. இருந்தா மூணு பேரும் போயிடுவோம்னு எனக்குப் பயம். பதில் சொல்லாம பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தேன். நான் நடந்தா அவ எழுந்து வந்துடுவா, தெரியும். திரும்பிப் பாத்தா இருந்துடுவேன். அதனாலதான் திரும்பல."

ஐந்து வருஷம். என் குதிகாலை நானே சபித்துக்கொண்டிருந்த ஐந்து வருஷமும் இவர் பக்கத்துப் பாயில் படுத்திருந்தார். அந்த நிமிஷமே அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மன்னிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பை மூட்டிச் சோறு வடித்து, அவருக்குத் தட்டு வைத்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன்.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிறு காலை பூசைக்குப் போகும்போது அப்பா பத்தடி முன்னால் வேகமாகப் போவார். அடுத்த ஞாயிறு வாசலில் ஒதுங்கி நின்று என்னை முதலில் போகவிட்டார். அதன் பிறகு எப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்தார். பழைய டயர்ச் செருப்பு, தெருவில் டப்டப்பென்று கேட்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மாலையில் கூடத்துக்குப் போய்ப் பின்னால் பார்க்காமல் ஆடினேன், காலையில் பின்னால் பார்க்காமல் கோயிலுக்கு நடந்தேன். முதலாவது தைரியம், இரண்டாவது பழிவாங்கல். எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது.

நான்கு மாதம் போயிருக்கும். மழை விட்ட ஒரு ஞாயிறு, ரயில்வே கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

என் கால் நின்றது. பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல முதுகில் யாருடைய கையும் இல்லை. நான் திரும்பினேன். ஓடினேன் என்றே சொல்லலாம்.

அப்பா சேற்றில் ஒற்றைக் காலில் நின்று, அறுந்துபோன செருப்பு வாரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்ததைப் பார்த்து அவர் முகம் ஒருமாதிரி ஆயிற்று.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றேன்.