இரண்டு லட்சம் பேர் பார்த்த ஆட்டுக்குட்டி

பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா மலேசியாவில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்தார் அந்த மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு ஆடு வளர்த்தார். ஆடு கழிந்தால் என்ன கொடுப்பது, குட்டி குறுக்கே மாட்டினால் எப்படி எடுப்பது என்று கைப்பேசியில் படம் பிடித்து யூடியூப்பில் போடுவார். ஆட்டின் பின்பக்கத்தை எவன் பார்ப்பான் என்று நான் சிரித்தேன்.

பார்த்தார்கள். வாளிக்குள் தலையை மாட்டிக்கொண்டு ஒரு குட்டி துள்ளுகிற அரை நிமிஷப் படத்தை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பக்கிரிசாமி அண்ணன், ஆளுக்கு ஐந்து காசு என்று தானே விலை போட்டு, பத்தாயிரம் வெள்ளி வரப்போகிறது என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். வந்தது பன்னிரண்டு வெள்ளி.

அக்கா திட்டவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

"எத்தன பேரு பாத்தாங்கன்றது வாளியில இருக்கிற பாலு. கணக்கு எழுதுற கிராணி அந்த எடைக்கா சம்பளம் போட்டாரு? தண்ணி போக எவ்ளோ ரப்பர் நிக்குதுன்னு பாத்துதானே போட்டாரு? இதுவும் அப்படித்தான் லா."

அன்றிலிருந்து மாதாமாதம் எழுதினார். எந்தப் படம், எந்த ஊர்க்காரர்கள், எத்தனை நிமிஷம் நின்று பார்த்தார்கள், கையில் வந்தது எவ்வளவு. குட்டி போடுகிற பதினான்கு நிமிஷப் படத்தை ஒன்பதாயிரம் பேர்தான் பார்த்திருந்தார்கள், பாதிப் பேர் சிங்கப்பூர்க்காரர்கள். நின்று பார்த்தார்கள், அந்த ஊர் விளம்பரத்துக்கு விலையும் அதிகம்; அதற்குத் தொண்ணூறு வெள்ளி. என் கணக்கெல்லாம் மீன்காரனிடம் பேரம் பேசுவதோடு சரி. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

மூன்று வருஷம் போனது. இந்த வருஷம் தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். செமிலிங்கில் ஒரு மலிவு வீடு கிடைத்தது. செப்டம்பர் கடைசிக்குள் முன்பணமாக ஐயாயிரம் வெள்ளி கட்ட வேண்டும். அக்காவின் கையில் முந்நூறுதான் இருந்தது.

பிப்ரவரியில் திவாகரன் என்று ஒருவன் காரில் வந்தான். சேனல்களை விலைக்கு வாங்கி விற்பவனாம். அண்ணன் கைப்பேசியை அவனிடம் நீட்டிவிட்டார்.

"ஆன்ட்டி, டிசம்பர்ல ஆயிரத்து முந்நூறு. ஜனவரியில ஐந்நூத்து இருவது. சேனல் படுத்துருச்சி. இப்பவே ஐயாயிரம் தரேன், அடுத்த மாசம் மூவாயிரம்கூட யாரும் தரமாட்டாங்க."

அண்ணனுக்குக் கண் கலங்கியது. "மருதம், வீடு வந்துருச்சி பாரு!"

"குடுத்துருக்கா," என்றேன் நானும். "ஆட்ட வச்சி வீடு வாங்குன மொத ஆளு நீயாத்தான் இருப்ப."

அக்கா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். முந்தைய மூன்று வருஷத்து ஜனவரி, மார்ச் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். மூன்று ஜனவரியிலும் பாதியாக விழுந்திருந்தது. மூன்று மார்ச்சிலும் ஏறியிருந்தது.

"வருஷக் கடைசியில கடைக்காரனுங்க வெளம்பரத்த கொட்டுவானுங்க, தம்பி. ஜனவரியில கைய மூடிக்குவானுங்க. எல உதுர்ற காலத்துல பாலு கொறையும்னு இருவது வருஷம் பாத்தவ நானு. அதுக்குன்னு மரத்த வித்துருவனா? பிப்ரவரி வரைக்கும் வர்றது பழைய கடனுக்குப் போயிரும். மார்ச்சிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம். மாசம் கொறஞ்சது எண்ணூறு வரும். வயித்துக்கு ஆடு இருக்கு, கையில இருக்கிற முந்நூறோட வீட்டுக் காசு சேந்துரும்."

திவாகரன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி ஆன்ட்டி, ஏழாயிரம்."

"படுத்துப்போன சேனலுக்கா?"

அவன் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கணக்கு தப்பினால் இவர்கள் ஆடுகளோடு எங்கே போவார்கள்?

மார்ச்சில் எழுநூற்றைம்பது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். ஏப்ரலில் எண்ணூற்று முப்பது. ஆகஸ்ட் பணம் செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதிதான் வங்கிக்கு வந்தது. ஆறு மாதத்துக்கும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது.

பணம் கட்ட நானும் கூடப் போனேன். ரசீதை வாங்கிய கையோடு அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்: வீட்டுக்கு ஐயாயிரம். மீதி நூற்று நாற்பது. பிறகு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டு வாடை அடித்தது. கீழே வைக்க மனம் வரவில்லை.