ஆறு மணி நேரத் தொலைவில் ஓர் அண்ணன்

போன சனிக்கிழமை எங்கள் உப்பளம் பேட்டையில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு மதாம் ரோஸின் மகள் சில்விக்கு.

மதாமின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து மூன்று வருடமாகிறது. எனவே பெண்ணின் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியவன் அண்ணன் மிஷேல். இந்துமாக்கடலுக்கு அந்தப் பக்கம், ரீயூனியன் தீவில் கணக்கு வாத்தியார்.

"சார், அது எவ்ளோ தூரம் இருக்கும்?" என்று மதாம் என்னிடம் கேட்டார். நானும் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு வெப்சைட்டில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினேன். சென்னையிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம்... பறக்கும் நேரம் சுமார் ஆறு மணி நேரம். பிரிண்ட் அவுட் எடுத்துப் பெருமையாக நீட்டினேன்.

மகனும் போனில் அதையேதான் சொன்னான். "ஆறு மணி நேரம்தாம்மா! வெள்ளிக்கிழம காலைல ஏறுனா, சாயந்திரம் அங்க இருப்பேன்." அப்பா இறந்த போது வந்தவன், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. அந்த மூன்று வருடமும் இதே ஆறு மணி நேரம்தான்!

வெப்சைட் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டுவிட்டது. அந்தக் கோட்டில் விமானம் விட வேண்டுமே? மிஷேலின் டிக்கெட்டோ மொரீஷியஸ் போய், பம்பாய் போய், அப்புறம்தான் சென்னை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "பம்பாய்ல மாட்டிக்கிட்டேம்மா. கனெக்‌ஷன் போயிடுச்சி. இப்பதான் ஏறப் போறேன்."

"பத்து மணிக்குக் கோயில்ல இருக்கணும்டா!"

"வந்துடுவேம்மா."

பம்பாயிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து காரில் மூன்று. கணக்கு வாத்தியாருக்குக் கூட்டல் யார் சொல்லிக் கொடுப்பது?

கோயில் வாசலில் நிற்கிறோம், மணி பத்தே கால். பதினொன்றரைக்கு அடுத்த கல்யாணம் இருக்கிறது என்று பங்குச் சாமியார் ஆள் அனுப்பினார். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்பமே..." மதாம் கர்ச்சீப்பைப் பிசைந்தபடி ரோட்டையே பார்த்தார்.

சில்வி அம்மாவின் கையைப் பிடித்தாள். "அப்பா போனப்புறம் வீட்ட யாரும்மா பாத்துக்கிட்டது? நீதான? அப்ப நீயே வா."

"பொம்பள கூட்டிட்டுப் போறதா? வழக்கம் இல்லியே..." என்று பின்னால் ஒரு பெரியவர் இழுத்தார்.

"இன்னிலேர்ந்து வழக்கம்" என்றாள் சில்வி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருவரும் உள்ளே நடந்தார்கள். அழுதபடி போன மதாம், பாதி தூரத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டார். பிரிண்ட் அவுட் கொடுத்த என்னால்தான் நிமிர முடியவில்லை.

அண்ணன்காரன் பிரியாணிப் பந்தியில் வந்து சேர்ந்தான். கோட்டெல்லாம் வியர்வை. ஏர்லைன்ஸைத் திட்டினான், பம்பாயைத் திட்டினான், திண்டிவனம் டிராஃபிக்கைத் திட்டினான். தன்னைத் தவிர எல்லோரையும் திட்டினான். சில்வி இலையைக் காட்டினாள். "உக்காருண்ணே. ஆறிடப் போவுது."

சாப்பிட்டுக் கை கழுவியதும் மதாம் கேட்டார். "திரும்ப எப்படா?"

"நாளைக்கேம்மா. ஸ்கூல் இருக்குல்ல."

மறுநாள் மாலை ஃப்ளைட்டுக்கு விடியற்காலையிலேயே கார் வந்து நின்றது... ஊருக்கு வரும் ஃப்ளைட்டைத் தவறவிட்டவர்கள் எத்தனையோ பேர். திரும்பிப் போகும் ஃப்ளைட்டைத் தவறவிட்டவர் ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?