காறாத எண்ணெய்

எழுபதுகளின் நடுவில் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. மரத்தில் முளைக்கும் மருந்துக் காளானின் சாறு, எண்ணெய் காறிக் கெட்டுப்போவதைத் தடுக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. கல்லூரியில் இதை ஆன்டிஆக்சிடன்ட் சோதனை என்பார்கள். நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டில், "எண்ணெய மோந்து பாக்கற படிப்பு" என்பார்கள்.

காளான் சாந்தன்பாறையிலிருந்து வந்தது. அங்கே ஏலத்தோட்டத்தில் வேலையிலிருந்த என் சித்தப்பா, ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து ஆய்வகத்து மேசையில் கொட்டினார். பக்கத்தில் என் பேராசிரியர் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் அவருக்குத் தலை முழுக்க வழுக்கை.

"எங்க லயத்து வீடுகள்ல இத எண்ணெயில காச்சித் தலைக்குத் தேய்ப்பாக, தாயி. பாறையில தேச்சாலும் முடி மொளைக்கும்பாக," என்றார் சித்தப்பா.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் சயின்ஸ் இல்லீங்க."

விறகுபோல் இறுகியிருந்த காளானைப் பாடுபட்டுச் சீவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி வற்றவைத்தேன். ஒரு பாட்டிலில் வெறும் தேங்காயெண்ணெய். இன்னொன்றில் அதே எண்ணெயுடன் பழுப்பு நிறச் சாறு. இரண்டையும் இன்குபேட்டர் பெட்டியின் சூட்டில் வைத்தேன். வாரம் ஒருமுறை கொஞ்சம் எடுத்துச் சோதிப்பேன். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு அயோடின் வெளிவரும்; அதைப் பியூரெட் குழாயில் அளப்பேன்.

வெறும் எண்ணெய் ஒழுங்காகக் கெட்டது. காளான் எண்ணெயோ அப்போதுதான் செக்கிலிருந்து வந்ததுபோல் இருந்தது. வாரத்துக்கு வாரம் அதன் பழுப்பும் வெளுத்துக்கொண்டே போனது. காளான் தன்னைக் கரைத்துக்கொண்டு எண்ணெயைக் காப்பாற்றுகிறது என்று முடிவுகட்டிப் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அவசரப்படாத அம்மணி. இன்னொருக்கா செஞ்சு பாரு."

மறுபடி தொடங்கினேன். விடுதிப் பெண்கள் இன்குபேட்டருக்குள் தயிர் உறையவைக்க ஆரம்பித்திருந்ததால், இந்தமுறை அதைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே பேராசிரியர் வந்தார்.

"சாவி இருக்குதா அம்மணி?"

"எதுக்குங்க சார்?"

"சும்மா, டெம்பரேச்சர் பாக்கோணும்."

"தெர்மாமீட்டர் வெளியிலதானுங்க நீட்டிட்டிருக்குது."

அவர் அதைப் பார்க்கக் குனிந்தார். ஜன்னல் வெயில் தலையில் விழுந்தது. மண்டை முழுக்கப் பழுப்பு. காதோரம் எண்ணெய் மினுங்கியது. எத்தனையோ பாட்டில்களை மோந்து பழகிய மூக்கு எனக்கு. சந்தேகமே இல்லை, காளான்தான்.

"சார்... எண்ணெய எடுத்தீங்களா?"

"கொஞ்சூண்டுதான் அம்மணி. எடுத்த அளவுக்கு எங்க ஊட்டிலிருந்து நல்ல எண்ணெய கொண்டாந்து ஊத்தீட்டேன். உன்ற பரிசோதனை கெடக்கூடாதல்லோ!"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அவ்வளவு அக்கறையோடு சொன்னதில், சிரிப்பை அடக்கவே பாடுபட்டேன்.

"முடி வந்துதுங்களா?"

தலையை வெளிச்சத்துக்குக் காட்டினார். "நீயே பாரு."

பியூரெட்டைப் பார்க்கும் கவனத்தோடு பார்த்தேன். "இன்னும் ரீடிங் போதாதுங்க சார்," என்றேன்.

அன்றே அவருக்கென்று தனி பாட்டில் காய்ச்சிக் கொடுத்துவிட்டேன். பூட்டிய பெட்டிக்குள் காளான் எண்ணெயும் காறத்தான் செய்தது; ஆனால் வெறும் எண்ணெயைவிடத் தாமதமாக. முதலில் மனசு சோர்ந்தது. பிறகு, இத்தனூண்டு என்றாலும் இது நிஜம் என்று தேற்றிக்கொண்டேன்.

துறைக் கூட்டத்தில் முடிவைப் படித்தேன். பேராசிரியர் முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினார். விலங்கியல் ஆசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து கேள்வி கேட்டார்.

"இந்தக் காளான்ல கொழம்பு வெக்கலாமுங்களா?"

"வெக்கலாமுங்க. அரிவாமணை பத்தாது, கோடாலி வேணும்," என்றேன்.